அரையடி ஜீப்

 

மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன், பிளாஸ்டிக்கால் ஆன ஒரு சிறு வண்டியைப் பற்றி எழுத வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். எனக்கே அது வியப்புத்தான். நாற்பத்தாறு வயதில், இஷாவுக்குப் பிறகு, கடுகைவிடச் சற்றே பெரியதான பின்விளக்கு ஒன்றைத் தேடி டார்ச் விளக்கும் கையுமாகத் தரையில் தவழ்ந்திருக்கிறேன். "ஹஜ்ரத் எதைத் தொலைத்துவிட்டார்கள்?" என்று என் மனைவி கேட்டதில் இருந்த கேலியை எழுத்தில் கொண்டுவர இயலாது.

எங்கள் ஊர் லோயர் கேம்ப். கம்பத்திலிருந்து கூடலூர் வழியாகக் குமுளிக்குச் செல்பவர்கள் சமவெளியில் கடைசியாகக் காணும் ஊர் இது. அப்பால் கொண்டை ஊசி வளைவுகளும் காடும்தான். மலையுச்சியிலிருந்து பெரியாற்று நீரை இறக்கிவரும் நான்கு பெருங்குழாய்களும், 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய மின்நிலையமும், 2013இல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபமும் எங்கள் ஊரின் அடையாளங்கள். வெளியூர்க்காரர்கள் இவற்றைப் படம் பிடித்துச் செல்வார்கள். எங்களைக் கேட்டால் நான்காவதாக ஒன்றைச் சொல்லுவோம். அது ஜீப்.

கம்பம் பள்ளத்தாக்கின் பெண்கள் விடியற்காலையில் சோற்றுத் தூக்குடன் சாலையோரம் நிற்பதையும், ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறி வண்டன்மேடு, அணக்கரை, சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவதையும், மாலையில் ஏலக்காய் மணத்துடன் அவர்கள் திரும்பி வருவதையும் இப்பகுதியினர் அறிவீர்கள். சட்டம் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் ஏறினார்கள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த வண்டிகள் சில வேளைகளில் கவிழ்ந்தும் இருக்கின்றன. வீடுகள் அழுதும் இருக்கின்றன. ஆனாலும் அந்த ஜீப்தான் இங்கே பல அடுப்புகளை எரியவைத்தது.

அவற்றுள் ஒன்று எங்கள் அடுப்பு. அத்தா மறைந்தபோது எனக்கு ஒன்பது வயது. மூத்த அண்ணன் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, கடன்பட்டுப் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். நான் மதரஸாவில் ஓதியதும், பின்னர் உத்தமபாளையம் ஹௌதியா கல்லூரியில் பி.ஏ. படித்ததும் அந்த வண்டி ஓடிய ஓட்டத்தில்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டினார். சர்க்கரை நோய் முதலில் அவருடைய காலைத் தொட்டது, பிறகு விழித்திரையைப் பற்றியது. வண்டியைக் கூடலூரில் தோப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றார். இன்று அவருக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டுமே தெரியும்.

அண்ணனின் மகன் ஷார்ஜாவில் பணிபுரிகிறான். அவனுக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு. அமெரிக்கர்கள் 'மசில் கார்' என்று அழைக்கும் பழைய கார்களின் சிறு மாதிரிகளைப் பாகம் பாகமாக வாங்கி ஒட்டிச் சேர்ப்பான். நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தி, இளைஞர்களுக்கு விற்ற வண்டிகள் அவை. 1964ஆம் ஆண்டு வந்த போண்டியாக் ஜி.டி.ஓ.வை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஃபோர்டு மஸ்டாங், ஷெவ்ரோலெ கமாரோ, டாட்ஜ் சார்ஜர் என்று ஒரு கூட்டமே இருந்தது. காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் அவற்றை நெருக்கிக்கொண்டிருந்த வேளையில், 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. எண்ணெயைக் குடித்து ஓடிய அந்த வண்டிகளின் காலம் அத்துடன் ஏறக்குறைய முடிந்தது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன் என்னிடம் புலம்புவான். "சின்னத்தா, கூரை ரெண்டு மில்லிமீட்டர் தாழ்ந்துபோச்சு. சக்கர வளைவு வட்டமாயிருக்கு; நிஜக் காரில் அது தட்டையாயிருக்கும். காசு கொடுத்து வாங்கினா இப்படி!" நான் மனத்திற்குள் சிரிப்பேன். அரை முழம்கூட இல்லாத பொம்மையில் இரண்டு மில்லிமீட்டருக்கு இத்தனை வழக்கா? மனிதனுக்கு வயிறு நிறைந்துவிட்டால் கவலைகளையும் விலைக்கு வாங்குகிறான் என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிப்போயிற்று.

ஆனால் அவன் சொன்ன காரணங்கள் சிந்திக்கத் தக்கவையாக இருந்தன. ஆசிரியத் தொழில் செய்பவனுக்குக் காரணம் என்று ஒன்று கிடைத்தால் விட மனம் வராது. ஆகவே உங்களுக்கும் அவற்றைச் சொல்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தில் ஏ.எம்.டி. என்ற நிறுவனம் 1948இல் தொடங்கியது. கார் விற்பனையாளர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் காட்டவும் கொடுக்கவும் சிறு கார்களைச் செய்து தருவது அதன் தொழில். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. 1958 முதல் அவற்றையே பிரித்துப் பெட்டியில் அடைத்து, நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று விற்றது. அமெரிக்கக் கார்களோ ஆண்டுக்கு ஆண்டு முகத்தை மாற்றுபவை. ஒவ்வொரு முறையும் புதிய எஃகு அச்சு செய்வதென்றால் கட்டுப்படியாகாது. பழைய அச்சையே வெட்டியும் திருத்தியும் பயன்படுத்தினார்கள். அதனால் புதிய ஆண்டின் காரில் பழைய ஆண்டின் ஏதோ ஓர் உறுப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். அக்காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் இன்னொரு வேடிக்கை உண்டு. முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே கம்பியில் கோத்து, அந்தக் கம்பி போவதற்காக இன்ஜினின் நடுவே துளை போட்டிருப்பார்கள்! சக்கரம் உருள வேண்டும் என்பதற்காக இன்ஜினையே ஊடுருவிச் செல்லும் கம்பி. இதைக் கேட்டபோது எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இவை நிறுவனங்களின் சிக்கனத்தால் வந்த பிழைகள். பிளாஸ்டிக்கின் இயல்பால் வருபவை வேறு. காரின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் உடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இருபத்தைந்தாக வகுத்தால் 0.04 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாளைவிட மெல்லியது! அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் உடலை வார்க்க முடியாது. வார்த்தாலும் கையில் நிற்காது. ஆகவே ஒரு மில்லிமீட்டர் கனத்தில் செய்கிறார்கள். அது உண்மைக் காரில் ஓர் அங்குலக் கனமுள்ள சுவருக்குச் சமம். அந்தத் தடிப்பு உட்புறத்தில் இடத்தைத் தின்றுவிடுகிறது, இருக்கைகள் ஒடுங்குகின்றன, கண்ணாடி உள்ளே தள்ளிப்போகிறது. அச்சிலிருந்து வழுக்கி வெளியே வரவேண்டும் என்பதற்காக நேர்ச்சுவர்களுக்கும் சிறிது சாய்வு கொடுக்கிறார்கள். சூடான பிளாஸ்டிக் ஆறும்போது சிறிது சுருங்கவும் செய்கிறது.

மூன்றாவது வகைதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. அச்சு செய்பவர்கள் எதைப் பார்த்துச் செய்கிறார்கள்? ஏதோ ஒரு காரைத் தேடிப் பிடித்து அளக்கிறார்கள்; புகைப்படம் எடுக்கிறார்கள். அந்தக் கார் ஐம்பது ஆண்டுப் பழையது. இடையில் எவரோ அதைப் புதுப்பித்திருப்பார். வேறு காரின் கதவுப்பிடி, வேறு ஆண்டின் விளக்கு, புதிதாய் வார்த்த தகடு எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒரு காரின் பிழை ஆயிரக்கணக்கான பெட்டிகளில் ஏறிவிடும். பிறகு பெட்டியைப் பார்த்துப் பழகியவன் உண்மைக் காரைக் கண்டால், கார்தான் தவறு என்பான்!

கவலையோடு அளந்தவர்களும் உண்டு. ஜப்பானின் டமியா நிறுவனம் 1976இல் வெளியிட்ட போர்ஷே மாதிரிக்காக, முழு போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். பார்த்து முடித்த பின் திரும்பப் பூட்டத் தெரியாமல் போர்ஷே மெக்கானிக்குகளை அழைக்க வேண்டியதாயிற்று. ஷுன்சாக்கு டமியா தம் நினைவு நூலில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் தம் மகனிடம், "ஸ்டீயரிங்கைக் கையில பிடிச்ச மாதிரியே ராத்திரியில கனவு வருதுப்பா" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே ஊருக்கு வந்த ஒருவரிடம் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினான். இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் ஒரு ஜீப். 'அத்தா தொட்டுப் பார்க்கட்டும், ஒட்டி முடித்துக் கொடுங்கள்' என்று எனக்கு ஒரு துண்டுக் கடிதம். பசையும், சிறு கத்தியும்கூட உள்ளே இருந்தன.

செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதன்மீது எனக்கு வழக்கும் இல்லை. மக்தபு மாணவர்கள் மூவர் அஸருக்குப் பிறகு வந்து உதவினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். பெட்டியில் ஓட்டுநர் பொம்மை ஒன்றும் இருந்தது. "ஹஜ்ரத், இதை வைக்கலாமா கூடாதா?" என்று மூவரில் மூத்தவன் சட்டக் கேள்வி எழுப்பினான். நான் விடை சொல்ல வாயெடுப்பதற்குள், திண்ணையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது: "ஓட்டுறவன் நான் இங்கே இருக்கேன். பொம்மை எதுக்கு?" வழக்கு அத்துடன் தள்ளுபடியாயிற்று.

பதினாறு நாளில் முடித்தோம். பச்சை வண்ணம் தீட்டிக் காயவைத்து, ஒரு வெள்ளிக்கிழமை அதை அண்ணனின் கையில் வைத்தேன். அவர் பிஸ்மி சொல்லி வாங்கினார். முதலில் சக்கரத்தைத் தொட்டார். தலையசைத்தார். விரல்கள் முன்புறம் போயின. கட்டைவிரல் நகத்தால் கிரில்லின் துளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். பிறகு பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு ஸ்டீயரிங்கைத் தேடி வலப்புறம் விரலை நுழைத்தார்; அங்கே ஒன்றும் இல்லை. பின்புறத்தைச் சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பிடித்துப் பார்த்தார். நாங்கள் நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க," என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா இது நம்ம வண்டி இல்லை தம்பி," என்றார்.

"என்ன அண்ணே குறை?"

"ஒம்பது துளை இருக்கு. நம்ம வண்டிக்கு ஏழு. மூக்குத் தாழ்ந்திருக்கு. ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம். பின்னால ரெண்டு ஆள் குறையுது."

ரெண்டு ஆள் குறைகிறது என்ற சொல்லை நான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பெட்டியைப் பார்த்து ஒட்டினேன். பெட்டிப் படத்தில் இருந்தபடியே வந்திருந்தது. மறுநாள் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவரிடம் வெர்னியர் அளவுகோல் இரவல் வாங்கி, முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே அளந்தேன். 84.5 மில்லிமீட்டர். இருபத்து நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 80 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் சரியாக 80 அங்குலம்தான்! ஆக, பெட்டி செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அளந்த வண்டிக்கு அவர்கள் உண்மையாகவே இருந்தார்கள். அது எங்கள் வண்டி அல்ல. அவ்வளவே.

இதைப் பற்றித் தேடியபோதுதான் ஜீப்பின் வம்சாவளி எனக்கு விளங்கிற்று. போர்க்கால வில்லிஸுக்குத் தகட்டில் வெட்டிய ஒன்பது துளைகள், சிறிய விளக்குகள் கிரில்லுக்குள் ஒடுங்கியிருக்கும், பின்கதவு கிடையாது, பெட்ரோல் ஊற்றும் வாய் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். போர் முடிந்த 1945இல் உழவர்களுக்காக வந்த சி.ஜே. வகைக்குத் துளைகள் ஏழாயின. விளக்கு பெரிதாகி வெளியே வந்தது. பின்கதவு வைத்தார்கள். எரிபொருள் ஊற்றும் வாயும் வெளியே வந்தது. 1953இல் சி.ஜே. 3பி என்ற வகையில் உயரமான புதிய இன்ஜினைப் பொருத்தினார்கள். அது பழைய பானட்டுக்குள் அடங்கவில்லை. ஆகவே பானட்டை உயர்த்தினார்கள். 'மூக்குத் தாழ்ந்திருக்கு' என்று அண்ணன் சொன்னது இதைத்தான். அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன அந்த உயர்ந்த மூக்கு, நம் நாட்டு மஹிந்திரா ஜீப்புகளில் மேலும் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது.

இடையில் ஒரு செய்தி. நம் வாசகர்களில் பலர் இதை அறிந்திருக்க மாட்டீர்கள். அந்த நிறுவனம் 1945இல் லூதியானாவில் தொடங்கியபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முஹம்மத்'. மஹிந்திரா சகோதரர் இருவரோடு பங்காளியாக இருந்தவர் மாலிக் குலாம் முஹம்மத். நாடு பிரிந்ததும் அவர் பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் இங்கே நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று மாறிற்று. எங்கள் அண்ணனின் பானட்டில் இருந்த இரண்டு 'எம்' எழுத்துகளில் இரண்டாவதற்கு இப்படி ஒரு பழங்கதை உண்டு. அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா? எழுத்து மாறலையே, மிச்சம்தான்" என்றார்.

எங்கள் வண்டி எவ்வளவு நீளம்? அது யாருக்கும் தெரியவில்லை. அண்ணனுக்கு விரலில் தெரியும், எண்ணாகத் தெரியாது. வண்டியைத்தான் கேட்க வேண்டும். கூடலூர்த் தோப்புக்காரருக்குத் தொலைபேசியில் பேசினேன். "வண்டி இருக்கு ஹஜ்ரத். ஓடி நாலு வருசமாச்சு. கோழி அடையுது. ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார், வெட்டி எடுத்துக்கிட்டுப் போறதாப் பேச்சு" என்றார். அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை எங்கள் மக்தபுக்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்ததும் மூன்று மாணவர்களையும் அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். டேப்பு, கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய தூக்குக்குண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு. தகரக் கொட்டகையின் கீழ் வண்டி நின்றது. டயர்களில் காற்று இல்லை. படுதா கிழிந்து தொங்கியது. பின்பெஞ்சில் ஒரு கோழி முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. எங்களைக் கண்டும் அது எழவில்லை.

அண்ணன் முன்புறம் போய்ப் பானட்டின் மேல் இரு கைகளையும் விரித்து வைத்தார். எதுவும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

பிறகு வேலை தொடங்கிற்று. டயரில் காற்றில்லாததால் உயரத்தை நிலத்திலிருந்து அளக்கக் கூடாது, சேஸிலிருந்து அளக்க வேண்டும் என்று அண்ணன்தான் சொன்னார். சக்கர அச்சின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, மண்ணில் ஆணி அடித்து, ஆணிக்கும் ஆணிக்கும் இடையே டேப்பைப் பிடித்தோம். 91 அங்குலம். இரண்டாம் முறையும் 91. பெட்டி ஜீப்பைவிடப் பதினோரு அங்குலம் அதிகம். அந்தப் பதினோரு அங்குலத்தில் இந்தப் பக்கப் பெஞ்சில் ஒரு பெண்ணும் அந்தப் பக்கப் பெஞ்சில் ஒரு பெண்ணும் உட்கார்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் மலையேறியிருக்கிறார்கள். அண்ணன் சொன்ன இரண்டு ஆள் அவர்கள்தான். சிறு மாதிரியில் அது 11.6 மில்லிமீட்டர். ஷார்ஜாவில் இருப்பவனின் இரண்டு மில்லிமீட்டருக்குச் சிரித்தவன் நான்.

கிரில், கண்ணாடிச் சட்டம், பின்கதவு, ஸ்டெப்னி மாட்டும் இடம், படுதாக் கம்பிகளின் வளைவு என்று மாலைவரை அளந்தோம். சனிக்கிழமை காலையிலும் போனோம். எல்லாவற்றையும் ஒரு மாணவன் நோட்டில் வரைந்து குறித்தான். இடப்பக்க முன் மட்கார்டில் ஒரு நெளிசல் இருந்தது. அதையும் அவன் வரைந்தான். "அது அடிபட்டது அப்பா, வண்டியின் வடிவம் இல்லை. அதை விட்டுவிடு" என்று நான் சொன்னேன்.

டயர் அளவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தது. 6.00-16. முதல் நாள் சக்கரத்தைத் தொட்டதும் அண்ணன் தலையசைத்தது ஏன் என்று அப்போது விளங்கிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகவில்லை.

இனிப் பிளாஸ்டிக்குக்கு எங்கே போவது? இந்தப் பெட்டிகள் பாலிஸ்டைரீன் என்ற பொருளால் ஆனவை. பசை அதைக் கரைத்துத்தான் ஒட்டும். தயிர் டப்பா மூடி, பக்கெட் முதலியவற்றில் அந்தப் பசை பிடிக்கவில்லை. அண்ணனின் மகன் தொலைபேசியில் ஒரு வழி சொன்னான். பழைய சி.டி. உறைகள் அதே பாலிஸ்டைரீன்! எங்கள் மக்தபின் அலமாரியில் எவரும் கேட்காத பயான் சி.டி.கள் ஒரு பெட்டி நிறைய உண்டு. சி.டி.களைத் தாள் உறைகளில் பத்திரப்படுத்திவிட்டு, கண்ணாடி போன்ற உறைகளை எடுத்துக்கொண்டோம். கத்தியால் கோடு கீறி மடக்கினால் உடையும். கை சற்றுப் பதறினாலும் உடையும். பதினான்கு உறைகள் செலவாயின.

ஒட்டி முடித்த வண்டியைப் பின்சக்கரத்துக்கு முன்பாக ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். அறுக்கும்போது என் கை நடுங்கிற்று. பதினாறு நாள் உழைப்பு அல்லவா? இடையில் 11.6 மில்லிமீட்டர் துண்டைச் சேர்த்தோம். சேஸை நீட்டினோம், அடியில் உள்ள தண்டையும் நீட்டினோம். பானட்டை நான்கு மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தினோம். ஸ்டீயரிங்கை வலப்புறம் மாற்றிவிட்டு நான் நிமிர்ந்தபோது, இளைய மாணவன், "ஹஜ்ரத், மிதிகள் இன்னும் இடப்பக்கமே இருக்கே, கால் எட்டாதே" என்றான். அதையும் மாற்றினோம். கிரில்தான் என்னைப் படுத்திவிட்டது. ஏழு துளைகளை பத்தரின் ஊசி அரத்தால் ராவ வேண்டும். ஆறாவதில் ஒருமுறை, ஏழாவதில் ஒருமுறை உடைந்தது. மூன்றாவது நிலைத்தது. அந்த நாட்களில்தான் நான் பின்விளக்கைத் தேடித் தரையில் தவழ்ந்தது.

இரண்டு மாதம் பிடித்தது. அளந்து பார்த்தால் சேர்ந்த வண்டி முன்னிலிருந்து பின்வரை அரையடி. ரமலானுக்கு முந்திய வாரம், அஸருக்குப் பிறகு, மாணவர்கள் மூவரும் இருக்கும்போது, அதே திண்ணையில் அண்ணனின் கையில் வைத்தேன்.

துளைகளை எண்ணினார். ஏழு. பானட்டில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. வலப்புறம் விரலை நுழைத்து ஸ்டீயரிங்கைத் தொட்டு, சிறிது திருப்பிப் பார்த்தார். அது திரும்பாது, ஆனால் அவர் திருப்பினார். பின்பெஞ்சுகளைத் தொட்டு உதட்டுக்குள் ஏதோ எண்ணினார். ஆட்களை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மலைக்குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவருடைய விரல் இடப்பக்க முன் மட்கார்டுக்கு வந்து நின்றது. அங்கேயே முன்னும் பின்னும் தேடியது.

"தம்பி, இங்கே ஒரு நெளிசல் இருக்குமே. எங்கே?"

நோட்டுப் போட்ட மாணவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"அது அடிபட்டதுதானே என்று விட்டுவிட்டேன் அண்ணே."

"அடிபட்டதுதான். அதுக்கப்புறம் பதினோரு வருசம் அந்த அடியோடதான் ஓடினேன். டிங்கர்கிட்டப் போகவே இல்லை."

மாணவன் நோட்டை எடுத்துவந்தான். நல்ல வேளையாக அவன் அழிக்கவில்லை. நெளிசலின் நீளமும், விளக்கிலிருந்து அதன் தூரமும் அதில் இருந்தன. உள்ளேயிருந்து மெழுகுவத்தியும் தேக்கரண்டியும் கொண்டுவரச் சொன்னேன். கரண்டியின் முதுகைச் சுட்டு மட்கார்டின் மேல் வைத்து அழுத்தினேன். வண்ணம் கருகி ஒரு நாற்றம் எழுந்தது. ஆறியதும் அண்ணன் தடவிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் முன்னால. இன்னும் கொஞ்சம் உள்ள."

மறுபடியும் கரண்டியைச் சுட்டேன். இளைய மாணவன் அண்ணனின் அருகில் நகர்ந்து உட்கார்ந்து, "இது எதில் இடிச்சது பெரியத்தா?" என்று கேட்டான்.

"அதுவா? குமுளி ஏத்தத்துல ஒருநாள் விடியக்காலைப் பனி. எதிர்ல பஸ் வருது. வண்டியில பதினாறு பொம்பளைங்க..." என்று அவர் தொடங்கினார். நான் அந்தக் கதையை அதுவரை கேட்டதில்லை.